பெட்டியில் இருந்த கையெழுத்து

கண்ணு,

மணி ஒன்றே கால் ஆகிறது. இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போனில் சொல்லிவிடலாம் என்று சாயந்திரத்திலிருந்து மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். நீ ‘சொல்லும்மா’ என்றதும் சாப்பிட்டியா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால்தான் உன் பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். கூரியரில் போட நாள் இல்லை. ஏன் நாள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசிவரை சுற்றி வளைத்துவிட்டு சொல்லாமலே முடித்துவிடுவேன். பொங்கல் லீவில் வந்தபோது உன் போன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்ததே, அப்போது என் நம்பரையும் என் மெயிலையும் கொடுத்து மிலிட்டரி ஆபீசர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாய். அப்புறம் இரண்டு தடவை கேட்டாய், ஏதாவது வந்துச்சாம்மா என்று. ஒண்ணும் வரலை என்றேன். வந்தது. நேர்காணலுக்கு ஊரையும் தேதியையும் நீயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்தது. நினைவூட்டி இன்னொன்றும் வந்தது. வருகிற சனிக்கிழமையோடு அது முடிகிறது. செவ்வாய் போய் புதன் பிறந்துவிட்டது.

கோபப்படு. ஆனால் இங்கேயே நிறுத்திவிடாதே. மூன்று வாரமாக வாயைத் திறக்காதவள் இப்போது ஏன் திறக்கிறேன் என்று உனக்குச் சந்தேகம் வரும். வரணும், நீ என் பிள்ளை. எனக்கு எதிலுமே முதலில் சந்தேகம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை நம் தெருக்காரர்கள் அப்பாவுக்கு நடத்திய பாராட்டு விழாவிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. நீ புது வேலையில் சேர்ந்த வாரம் என்பதால் வர முடியவில்லை. நான் அனுப்பிய படங்களில் மாலையும் சால்வையும்தான் தெரியும். படத்தில் தெரியாததைச் சொல்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்று வந்து நாலு மாதம் ஆன பிறகு, தெரு சங்கத்து செக்ரட்டரி தனசேகர் ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். “கேப்டன் சாருக்கு நம்ம தெரு சார்பா ஒரு விழா எடுக்கணும்னு இருக்கோம்” என்றார். இத்தனை வருடமாக நான் தனியாக இந்த வீட்டில் இருந்தபோது குடிநீர்க் குழாய் உடைந்தது என்று நாலு தடவை நடந்தும் எட்டிப் பார்க்காதவர். எனக்கு உடனே தோன்றியது இரண்டுதான். ஒன்று, சம்பளமில்லாமல் தெருவுக்கு ஒரு காவலாள் வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோட்டில் வண்டி திருப்பிவிட ஒரு மீசைக்காரர் கிடைத்தால் நல்லதுதானே. இல்லையென்றால் மிலிட்டரி கேன்டீன் கார்டு. இரண்டில் எது என்று அவர் போகிறவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விழா முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில், அவர் அப்பாவின் காதருகே குனிந்து கேன்டீனில் மிக்ஸி விலை கம்மியாமே என்று கேட்டதை என் காதாலேயே கேட்டேன். ஆக அதில் நான் தப்பில்லை. மற்ற எல்லாவற்றிலும் தப்பு.

ஃப்ளெக்ஸ் அடிப்பதற்கு அப்பாவைப் பற்றி எழுதிக் கேட்டார்கள். அப்பா இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். சிப்பாயாகச் சேர்ந்தது, கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றது. நடுவில் முப்பது வருடம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸ் கடை ரஹீம் பாய் ஒரு டாங்கி, இரண்டு விமானம், உறுமுகிற புலி ஒன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் நம் மலை, அதற்கு மேல் அப்பாவின் தலை என்று செய்து போனில் அனுப்பியிருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். டாங்கியை எடுத்துட்டு ஒரு கோவேறு கழுதை போட முடியுமா பாய் என்று கேட்டார். பாய் சரி என்றுதான் சொல்லியிருப்பார், பக்கத்திலிருந்த தனசேகர் விடவில்லை. “சார், விளையாடாதீங்க. ஜனங்க சிரிப்பாங்க. நீங்க டாங்கி ரெஜிமென்ட்னு ஊருக்கே தெரியுமே” என்றார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கப் போகிறவள் மாதிரி நான் உள்ளே போய்விட்டேன்.

ஏனென்றால் ஊருக்குச் சொன்னது நான்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஆறாவது படிக்கும்போது சட்டை கிழிந்து வந்து நின்றாய். “உங்கப்பா பார்டர்ல கழுதை மேய்க்கறாராமே” என்று ஒருத்தன் கேட்டான், நீ அவன் மேல் பாய்ந்துவிட்டாய். பொட்டலமும் மருந்தும் மண்ணெண்ணெயும் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி, லாரி போகாத பனிமலைக்குக் கொண்டுபோகிற பிரிவில் அப்பா இருந்தார் என்பதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கொண்டுபோகவில்லையென்றால் மேலே இருப்பவனுக்கு அன்றைக்கு சோறு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பி.எஸ்ஸி. படித்தவள், எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்கு யாராவது கேட்டா எங்கப்பா டாங்கி ஓட்டறாருன்னு சொல்லு என்றேன். நீ சொன்னாய். உன் கூடப் படித்தவர்களின் அம்மாக்கள் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து அது ஃப்ளெக்ஸில் வந்து நின்றது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பழைய போட்டோ ஒன்று வேண்டும் என்று தனசேகர் நச்சரித்தார். அப்பா வெளியே போயிருந்தார். போன் பண்ணிக் கேட்டேன். பெட்டிச் சாவி ஷேவிங் டப்பாவில் இருக்கு, மேலாப்புல இருக்கற பழுப்புக் கவரை மட்டும் எடு என்றார். அந்த ‘மட்டும்’ எனக்குப் போதும். வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டியை நம் வீட்டில் இத்தனை வருடத்தில் நான் திறந்ததில்லை. கவரை எடுத்தேன். அப்புறம் அதற்குக் கீழே இருந்ததை எல்லாம் எடுத்தேன். என்ன தேடினேன் என்று கேட்காதே, பெண்டாட்டி புருஷன் பெட்டியில் என்ன தேடுவாளோ அதைத்தான். கிடைத்தது வேறு. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாத ஒரு தாள். தொடர்ந்து பணியாற்ற என் முழு மனதோடு விருப்பம் தெரிவிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து, தேதி.

அந்த வருடம் உனக்கு ஏழு வயது. பதினேழு வருடம் முடிந்ததும் பென்ஷனோடு வந்துவிடுகிறேன் என்று அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வந்து நடத்த, ஆசிரமத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு கடை பார்த்து வைத்திருந்தேன். உன் மிஸ்ஸிடம் எங்கப்பா அடுத்த மாசம் வந்துடுவாரு, அப்புறம் போகவே மாட்டாரு என்று நீ தினமும் சொன்னாயாம், அவர்களே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்கள். அப்போதுதான் போன் வந்தது. “விட மாட்டேங்கறாங்க. ஆள் கம்மியாம். நான் என்ன பண்றது?” நான் அழவில்லை. உன்னிடம் கவர்மெண்ட் விடலைடா என்றேன். அந்த ஜனவரியில் பள்ளியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தபோது நீ மட்டும் வாங்க மாட்டேன் என்று வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டாய். அதே வருடம்தான் உனக்கு மஞ்சள்காமாலை வந்து, தூறலில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் பட்டாளத்தைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் விடாதது பட்டாளம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கோட்டுப் போட்டு, பதக்கங்கள் நேராக இருக்கிறதா பார் என்று என் முன்னால் வந்து நின்றார். நான் தாளை நீட்டினேன்.

“இது என்னங்க?”

படித்துப் பார்த்தார். “நான் எழுதிக் குடுத்தது.”

“விடலைன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

வாசலில் தனசேகரின் ஆள் ஆட்டோவோடு வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், கோட்டு கசங்கும் என்றுகூடப் பார்க்காமல். “லீவுல வந்தா நான் இங்க விருந்தாளி. சிலிண்டருக்கு எங்க சொல்றது, அவனுக்கு எந்த மருந்து ஒத்துக்காது, எல்லாம் உனக்குத் தெரியும். எனக்கு சோறு போட்டு விசிறி போட்டு விடுவ. அங்க எனக்கு வேலை இருந்துச்சு. நான் இல்லன்னா நடக்காதுன்னு ஒரு வேலை. அதை விட்டுட்டு வர மனசு வரலை. உங்கிட்ட அதைச் சொல்ல தைரியமும் வரலை.” அப்புறம் எழுந்து நின்று, “இருந்தது தப்பில்ல. பொய் சொன்னது தப்பு. அதுக்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா ஆட்டோ நிக்குது” என்றார்.

ஆட்டோவில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன். தாள் என் கைப்பையில் இருந்தது. மண்டபத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நம் மாடி ரூமில் குடியிருக்கிற வெள்ளைக்கார அம்மா முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்தவர், பந்திக்குக் கூப்பிடுகிற வரை திறக்கவில்லை. பேசினவர்கள் எல்லாம் தியாகம் தியாகம் என்றார்கள். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு, கணவரை நாட்டுக்குக் கொடுத்த தாய் என்று சால்வை போர்த்தினார்கள். நான் எங்கே கொடுத்தேன்? என்னைக் கேட்கவே இல்லையே. சால்வைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. நீண்ட கால சேவை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த ‘நீண்ட’வை யார் நீட்டினது என்று எழுந்து கேட்டுவிடலாமா என்று இருந்தது.

அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் முதலில் பின்னால் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். “அந்த டாங்கி என்னுது இல்லீங்க” என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். தனசேகர் சிரிக்கவில்லை. “நான் கோவேறு கழுதையோட இருந்தவன். பனியில வழி மூடிப் போச்சுன்னா மனுஷனுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். முன்னங்காலை வெச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்த காலை எடுக்கும். கயித்தப் பிடிச்சு இழுத்தா வராது. அடிச்சாலும் வராது. பக்கத்துல நடக்கணும். முப்பது வருஷத்துல நான் கத்துக்கிட்டது அதுதான். எங்க கூட வந்து திரும்பாத ஜீவன்களும் இருக்கு, பசங்களும் இருக்காங்க. இந்த மாலை அவங்களுக்கு.” அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இல்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதிலும் ஒரு சந்தேகம், இழுத்தா வராதுன்னு என்னைத்தான் குத்திக் காட்டுகிறாரோ என்று.

கீழே இறங்கினதும் மெலிந்த ஒரு பையன், முப்பது வயது இருக்கும், அப்பா முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவின் கீழ் வேலை பார்த்தவன், லீவில் வந்திருக்கிறான், வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு அழைப்பில்லாமலே பஸ் ஏறி வந்திருக்கிறான். அப்பாவை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தான். “மேடம், நீங்கதானே தம்பியை மடியில போட்டுக்கிட்டு தூறல்ல வேலூர் வரைக்கும் பஸ்ஸுல போனது? கீசர் வெடிச்சப்போ நீங்களே மெயினை ஆஃப் பண்ணிட்டு மாடில இருந்த வெள்ளைக்காரங்களை இறக்கினீங்களாமே?” நான் விழித்தேன். புதுசாக வருகிற ஒவ்வொரு பையனிடமும் சாப், அப்பாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம், இதையெல்லாம் சொல்வாராம். ராத்திரி வீட்டு நினைப்பில் எவனாவது அழுதால், என் வீட்டுக்காரி இருக்கா பாரு என்று ஆரம்பிப்பாராம். “உங்க வீட்டுலயும் அந்த மாதிரி ஒருத்தங்க இருப்பாங்கடா, கவலைப்படாம நடன்னு சொல்லுவாரு. எங்களுக்கெல்லாம் நீங்க தெரிஞ்சவங்க மேடம்.” கண்ணு, அதெல்லாம் நான் போனில் அவரைத் திட்டிச் சொன்னவை. நீங்க இல்லாததால எனக்கு இந்தக் கதி என்று சொன்னவை. ஒவ்வொரு புகாரையும் அவர் அங்கே பெருமையாக மாற்றிச் சொல்லியிருக்கிறார். எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம்தான் வந்தது முதலில். அழுகை பிறகுதான் வந்தது. கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து சால்வைகளை மடித்து வைத்துவிட்டு அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். கிழித்துப் போடுவதா, முகத்தில் விட்டெறிவதா என்று யோசித்துக்கொண்டே போனைத் திறந்தால் உனக்கு வந்த இரண்டு மெசேஜும் அதில் இருக்கின்றன. அவர் விடலை என்றார். நான் வரலை என்றேன். அவர் தன் விருப்பத்தை ஒளித்தார். நான் உன் விருப்பத்தை ஒளித்தேன். அது இன்னும் ஜாஸ்தி. பதினாலு வருடத்துக் கையெழுத்துக்குக் காலையில் கணக்குக் கேட்ட நான், மூன்று வாரத்துப் பொய்யைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் போயிருக்கிறேன்.

அப்பாவிடம் அப்போதே சொன்னேன். திட்டுவார், குறைந்தபட்சம் ஏன் என்று கேட்பார் என்று பார்த்தேன். “கடைசி தேதி என்ன?” என்றார். சனிக்கிழமை என்றேன். “ஆறு நாள் இருக்கு. நீயே அவன்கிட்ட சொல்லு. நான் சொன்னா உத்தரவு மாதிரி ஆயிடும்” என்றார். சந்தோஷப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மாடிக்குப் போனால், உன் பழைய ஓட்ட ஷூவைத் தோய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். “இது எதுக்குங்க?” என்றேன். “நாத்தம் அடிச்சுது” என்றார். நாலு மாதமாக அடிக்காத நாத்தம்.

நீ போகணும் என்று எனக்கு விருப்பம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய். உனக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது, வாரம் ஒரு தடவை பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் இங்கே இருப்பாய், அது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொருத்தி என்னைப் போல் சாவியும் சிலிண்டரும் சந்தேகமுமாக ஒரு வீட்டில் காத்திருக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது என்பதற்காக உன் பெயரில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இல்லையா, ‘விருப்பம் இல்லை’ என்று. அதை எடுத்துவிடத்தான் இந்தக் கடிதம். போவதென்றால் உன் விருப்பத்தில் போ. போகாவிட்டாலும் அம்மாவுக்காகப் போகலை என்று பின்னால் யாரிடமும் சொல்லாதே. கல்யாணம் ஆகி உனக்கென்று ஒருத்தி வந்தால், விடலை என்று அவளிடம் சொல்லாதே. இருக்கணும்னு தோணுது என்று சொல். அவள் கத்துவாள். கத்தட்டும். பதினாலு வருடம் கழித்து ஒரு பெட்டியில் பார்ப்பதைவிட அது மேல். எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் அப்பாவோடு பெரிய சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை, ஒருவேளைதான், அதற்கப்புறம் சரி இருங்க என்றும் சொல்லியிருப்பேன். அந்த வாய்ப்பை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. நான் உனக்குக் கொடுக்காமல் இருந்தேன்.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பழைய இடத்திலேயே வைத்து, பெட்டியைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். அப்பா பார்த்தார், அவரும் பூட்டவில்லை.

உன் பாஸ்வேர்டு உன்னிடம் இருக்கிறது. விண்ணப்பம் போட்ட வெப்சைட்டில் நீ உள்ளே நுழையும்போது வருகிற ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். சனிக்கிழமை வரை போனை சார்ஜிலேயே போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வந்த நிமிடம் அப்படியே உனக்கு அனுப்புவேன், ஓர் எண்ணைக்கூட மாற்ற மாட்டேன். நீ நம்பாவிட்டால் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. படித்துவிட்டு நீல டிக்கோடு விட்டுவிடாதே. சீக்கிரம் பதில் போடு.

அம்மா